கால் எழும்பும் இடம்

என் லாரிக்கு டிரைவராக ஜெபசீலன் அண்ணாச்சியைத் தேடிப் பிடித்தது, அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர் என்பதற்காகத்தான். இசக்கியம்மனைக் கும்பிடுகிற எவனும் என் வண்டியைத் தொடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். "சாமி குத்தம்லா முத்துராணி" என்றாள் பக்கத்து வீட்டுக் கலையரசி. குத்தம் செய்தது நானா, சாமியா என்று கேட்டேன்.

நாகர்கோவில் போகும் சாலையோரம் ஒரு வேப்பமரத்தடியில் இசக்கி பீடம் இருந்தது. லாரிக்காரர்கள் ஒதுக்கி நிறுத்தி, சூடம் கொளுத்தி, ஒரு டீயும் குடித்துவிட்டுப் போவார்கள். நாலுவழிச்சாலை வந்தது, மரம் போனது. அம்மனைப் பள்ளத்துக்கு அப்பால், இரும்புத் தடுப்புக்குப் பின்னால் கொண்டு வைத்தார்கள். லாரி ஒதுங்க ஒரு முழம் இடம் விடவில்லை. சாலை போட்டவர்களுக்கு வண்டி ஓடினால் போதும். ஓட்டுகிறவன் எங்கே நிற்பான் என்பது அவர்கள் கவலையா? பழக்கம் லேசில் விடுமா? பீடம் இருந்த இடம் வந்ததும் டிரைவர்கள் ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தூக்கி, வேகத்தைக் குறைத்து, ஆரன் அடித்துவிட்டுப் போனார்கள். போன ஐப்பசி மழையில் என் வீட்டுக்காரர் பேச்சிராஜும் அப்படித்தான் காலைத் தூக்கினார். பின்னால் ஜல்லி ஏற்றி வந்த டிப்பர் இடித்துக் கவிழ்த்துவிட்டது. அங்கேயே போய்விட்டார்.

என் வண்டியில் இன்னொரு உயிர் போகக்கூடாது. அண்ணாச்சி நல்ல மனுசர்தான், ஆனாலும் கண்ணால் பார்க்காமல் எனக்கு மனம் அடங்கவில்லை. ஆழ்வார்குறிச்சியில் வாழைத்தார் ஏற்றிய ஒரு நாள் நானும் கூடவே ஏறிக்கொண்டேன்.

வண்ணார்பேட்டை தாண்டியதிலிருந்தே சாலையோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பொழுது அடைந்து, தூறல் போட்டது. அந்த இடம் இதுதான் என்று யாரும் சொல்லவில்லை. இஞ்சின் சத்தம் தணிந்ததும் தெரிந்துகொண்டேன். வண்டி வெளிச்சத்தில், ரோட்டுத் தாரோடு தாராக நசுங்கிய எலுமிச்சம்பழங்கள் தெரிந்தன. அண்ணாச்சியின் கால் எழும்பியிருந்தது.

"அண்ணாச்சி! நீங்களுமா?"

பின்னால் ஒரு லாரி அலறிக்கொண்டு வந்து, எங்களை உரசாத குறையாக விலகிப் போனது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கொஞ்சம் தள்ளி, பெட்ரோல் பங்க் வாசலில் நிறுத்தினார்.

"அம்மனுக்காக இல்ல தாயி" என்றார். "ஒன் வீட்டுக்காரருக்காக. நீலக் கட்டம் போட்ட சாரத்தோட ஓரத்துல நிக்காரு. பைய போங்கன்னு கை காட்டுதாரு. எனக்கு மட்டுமில்ல, இந்த ரோட்டுல ஓடுத எத்தனையோ பேருக்குத் தெரியுதாரு. இப்பம் இதுக்குப் பேரே பேச்சிராஜ் எடந்தான்."

அந்தக் கட்டம் போட்ட கைலி நான் எடுத்துக் கொடுத்தது. அன்றைக்கு அதைத்தான் உடுத்திப் போனார். அண்ணாச்சிக்கு அது தெரிய வழியே இல்லை. எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. எனக்கு ஒரு கனவில்கூடத் தட்டுப்படாத மனிதர், ஊர்பேர் தெரியாத லாரிக்காரனுக்கெல்லாம் வழிகாட்டிக்கொண்டு நிற்கிறார்! அவர் காட்டுகிற கையாலேயே இன்னொருத்தி தாலி அறுக்கப் போகிறாள்.

பையை எடுத்துக்கொண்டு இறங்கி, அந்த இடத்தை நோக்கித் திரும்பி நடந்தேன். அண்ணாச்சி "வேண்டாம்மா" என்று கத்தினார். அங்கே மழையும் லாரி வெளிச்சமும் தவிர ஒன்றுமில்லை. ஆனால் ஒரு லாரி அந்த இடத்துக்கு வந்ததும் வேகம் தணிந்தது. பின்னால் வந்த வண்டி பிரேக் போட்டுக் கிறீச்சிட்டது.

"இங்கன ஒங்களுக்கு என்ன சோலி?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டேன். "நீங்க நிக்கதாலதான் எல்லாவனும் நிக்கான். போதும். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரும்பி நடந்தேன். சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், நானும் பார்க்கவில்லை. லாரிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒரு ஆள் ஏறுகிற நேரம் மழையில் நின்றேன். பிறகு நான் ஏறி, நடுவில் இடம் விட்டு, கதவோரமாக ஒண்டி உட்கார்ந்தேன்.

"ஏறிட்டாராம்மா?" என்று அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்.

"ஏறிட்டாரு. இனி அங்கன யாரும் காலத் தூக்காண்டாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிருங்க. அவரு வீட்டுக்குப் போயிட்டாருன்னு சொல்லுங்க."

அண்ணாச்சி கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டு வண்டியை எடுத்தார். நடுவில் இருந்த இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் நாகர்கோவில் போய்ச் சேரும்வரை, நனைந்த என் பையைக்கூட நான் அதில் வைக்கவில்லை.