இன்னும் மூன்றடி

கிணற்றைச் சோதிக்க வந்த ஆபீசர் கெட்டவர் என்று சொன்னால் அது பாவம். ஜீப்பிலிருந்து இறங்கியதும் கிணற்றோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாடாவைத் தாமே உள்ளே விட்டு அளந்தார். எழுந்தபோது முகத்தில் சங்கடம் தெரிந்தது.

"பன்னிரண்டு அடிதாம்மா இருக்கு. கிணறுன்னா பதினஞ்சு அடி இருக்கணும்னு சேவை நிதி விதி. இன்னும் மூணடி வேணும்."

முகாம் தலைவி தாஜுன்னிசா மதுரையில் பி.ஏ. இரண்டாம் வருஷம் முடித்தவள். கோடை விடுமுறையில் கல்லூரிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, வாலிநோக்கம் உப்பளத்தை ஒட்டிய குடிசைகளுக்குக் கிணறு வெட்ட வந்திருந்தாள். வேலை தேறியது என்று ஆபீசர் எழுதிக் கொடுத்தால், முகாம் தலைவியின் மூன்றாம் வருஷச் செலவு முழுவதையும் சேவை நிதி ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் படிப்பு அதோடு சரி. வாப்பா முஹைதீனின் தோணி போன ஐப்பசிப் புயலில் உடைந்து சுக்கு நூறாகிவிட்டது. அவர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: "காலேஜுல குடுத்தா படி மவளே. வாப்பா கையில ஒண்ணுமில்ல."

"சார், இதுக்கு மேல வெட்டினா தண்ணி உப்பாயிரும். அந்தக் குழியப் பாருங்க" என்று தள்ளி இருந்த மண்மேட்டைக் காட்டினாள்.

அந்தக் குழி வீரலட்சுமியின் கைங்கரியம். தாஜுன்னிசாவின் உயிர்த்தோழி, உத்தரகோசமங்கைப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். அவர்கள் ஊரில் தண்ணீர் போதவில்லை என்றால் இன்னும் ஆழமாக வெட்டுவார்கள். அந்த வீறாப்பில் இங்கேயும் வெட்டினாள். இங்கே சங்கதி வேறு. மணலுக்குள் மழைத்தண்ணீர், அதன் அடியில் ஒரு சாண் களிமண், அதற்கும் கீழே முழுக்க உவர்தண்ணீர். களிமண் உடைந்ததும் உவர் பொங்கி வந்து நல்ல தண்ணீரையும் கெடுத்தது. கூடை கூடையாகக் களிமண் கொட்டியும் அடைபடவில்லை. கடைசியில் குழியை மூடிவிட்டு, இந்த இரண்டாவது கிணற்றைக் களிமண்ணுக்கு மேலேயே நிறுத்தினார்கள்.

ஆபீசர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "எனக்குப் புரியுதும்மா. ஆனா நான் எழுதறதைச் சரிபார்க்க மேலே ஆள் இருக்கு. அடுத்த முகாமைப் பார்த்துட்டு சாயங்காலம் இந்த வழியாத்தான் திரும்புவேன். அதுக்குள்ள மூணடி இறக்கிடுங்க, எழுதிக் கொடுத்துடறேன்."

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

"ஏண்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? வெட்டிருவோம்" என்றாள் வீரலட்சுமி.

"உப்பாயிரும்டி."

"ஆயிட்டுப் போகுது! அடுத்த வருஷம் வந்து வேற ஒண்ணு வெட்டிக் குடுப்போம். உன் படிப்பு போனா திரும்பி வருமாடி?"

உள்ளுக்குள் தாஜுன்னிசாவுக்கும் ஆசைதான். இத்தனை காலம் எங்கெங்கோ நடந்து தண்ணீர் சுமந்தவர்கள் இன்னும் ஒரு வருஷம் சுமக்கட்டுமே என்று தோன்றியது. சீ, என்ன புத்தி இது என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை.

பேசாமல் நின்றால் சம்மதம் என்றுதானே அர்த்தம்? வீரலட்சுமி தாவணியை இழுத்துச் செருகினாள். கடப்பாரையைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுக் கயிற்றைப் பிடித்து இறங்கினாள். முழங்காலளவு தண்ணீருக்குள்ளிருந்து 'தொம்'மென்று முதல் குத்து கேட்டது.

அந்த நேரம் பார்த்து உப்பளத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். உச்சிப்பொழுதில் உப்புப் பாத்தியை விட்டு ஏறியதும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவுவது இந்தக் கிணறு வந்த பிறகு கண்ட சுகம். உப்பில் நின்று நின்று பாதமெல்லாம் வெடித்துக் கிடக்கும். அந்த எரிச்சல் வேறெதற்கும் அடங்காது. முன்னால் வந்த பஞ்சம்மாள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தூர் எடுக்குதா அந்தப் புள்ள? எடுக்கட்டும் தாயி. நாங்க இங்கன இருக்கோம்."

சொல்லிவிட்டு மணலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஒருத்திக்குக்கூடச் சந்தேகம் இல்லை. கிணற்றுக்குள் மறுபடியும் 'தொம்'.

தாஜுன்னிசாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கயிற்றைப் பிடித்துச் சரசரவென்று இறங்கினாள். உள்ளங்கைத் தோல் உரிந்ததுகூடத் தெரியவில்லை.

"நிறுத்துடி!"

"உனக்காகத்தாண்டி குத்துறேன்! தள்ளிப் போ!"

தாஜுன்னிசா கடப்பாரையைப் பிடித்தாள். வீரலட்சுமி விடவில்லை. இருவரும் சேற்றில் வழுக்கி உறைச்சுவர்மேல் மோதினார்கள். வீரலட்சுமி வெடுக்கென்று பிடுங்கி ஓங்கினாள். தாஜுன்னிசா தண்ணீருக்குள் காலால் துழாவி, களிமண்ணில் விழுந்திருந்த பள்ளத்தைக் கண்டுபிடித்து, அதன்மேல் இரண்டு பாதங்களையும் ஊன்றி நின்றாள்.

"இப்பக் குத்து. என் கால்ல குத்து, பாப்போம்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. கடப்பாரையைச் சுவரோரம் போட்டுவிட்டு வீரலட்சுமி விம்மி விம்மி அழுதாள்.

தாஜுன்னிசாவுக்கு இப்போதுதான் பயம் பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே உடைந்திருந்தால்? குனிந்து, பள்ளத்தின் பக்கத்திலிருந்தே ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். சேறு. சேற்றுக்குப் பின்னால் உப்பு வரும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தாள். வரவில்லை.

"அல்லாவே" என்றாள். இருவருமாகக் களிமண்ணை உருட்டிப் பள்ளத்தில் அப்பி மிதித்தார்கள்.

சாயங்காலம் ஆபீசர் வந்தார். நாடாவை விட்டார். அதே பன்னிரண்டு.

"வெட்டலியாம்மா?"

"இல்ல சார். வெட்ட மாட்டோம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பஞ்சம்மாள் செம்பு நிறையத் தண்ணீரை நீட்டினாள். வெயிலில் காய்ந்து வந்த மனுஷர், அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு செம்பும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"கல்கண்டு மாதிரி இருக்கு" என்று வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்து, ஆழம் குறைவு, வேலை தேறவில்லை என்று எழுதினார். எழுதி முடிக்கிறவரை தாஜுன்னிசாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"எங்க தண்ணியக் குடிச்சிட்டே எழுதுறீகளே, நல்லா இருக்கா சார்?" என்று வீரலட்சுமி சீறினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஜீப்பில் ஏறினார்.

இதொன்றும் விளங்காத பஞ்சம்மாள் தாஜுன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷமும் நீதான் வரணும் தாயி. மேலத்தெருவுக்கும் ஒண்ணு வேணும்."

"அடுத்த வருஷம் நான் காலேஜுல இருக்க மாட்டேன்க்கா."

"ஏன் தாயி? படிப்பு முடிஞ்சிருச்சா?"

"ஆமாக்கா. முடிஞ்சிருச்சு."

"அடி என் ராசாத்தி! அம்புட்டுப் படிப்பையும் முடிச்சிட்டியா!" என்று பஞ்சம்மாள் அவள் கன்னத்தை வழித்து, சடசடவென்று நெட்டி முறித்தாள்.