பதினேழாம் கட்டத்தில் இருந்தவர்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. திருடினேன். நீங்களாகக் கண்டுபிடித்து என் மானத்தை வாங்குவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். திருடிய இடம் ஒரு விசா விண்ணப்பம். பதினேழாம் கட்டம்.

"முந்தைய திருமணம் எவ்வாறு தொடங்கியது, எவ்வாறு முடிந்தது என்பதை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும். இடம் போதவில்லை என்றால் தனித்தாள் இணைக்கவும்."

என் மனைவி தனித்தாள் இணைத்தாள். ஒன்றரைப் பக்கம்.

இருபத்தோராம் கட்டம், "தற்போதைய கணவரை எவ்வாறு சந்தித்தீர்கள்?" என்று கேட்டது. தற்போதைய கணவர் அடியேன்தான். அதற்கு அவள் எழுதியது மூன்று வரி. கட்டத்தில் பாதி காலியாகக் கிடந்தது.

(இந்த இடத்தில் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு இருக்கிறது, என் கையெழுத்தில்லை: 'நாலு வரி. எண்ணிப் பாருங்க.' அவள் இதை எப்போது படித்தாள் என்பது கடைசிப் பகுதியில் வரும்.)

ஆக, கதை பிறந்தது வயிற்றில். எரிகிற வயிற்றில்.

2

எத்தனையோ தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"குடியுரிமை என்பது மனிதன் பிறப்பதற்கு முன்பே அவனுக்காக..." (கட்டுரைப் போட்டி வாடை. அடித்துவிட்டேன்.)

"மழை பெய்துகொண்டிருந்த மாலையில், கையில் ஒரே ஒரு பெட்டியோடு அவள்..." (சுத்தப் பொய். மண்டையைப் பிளக்கும் வெயில். பெட்டி விமானத்தில் எங்கோ தொலைந்து, இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.)

சரி, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம். நான் சலவை இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுகிறவன். 'சுழற்சி முழுமையாக நின்ற பிறகே மூடியைத் திறக்கவும்' என்ற வரி என்னுடையது. ஓய்வு கிடைத்தால் கதையும் எழுதுவேன். என் கதைகளைவிடக் கையேடுகளுக்கு வாசகர்கள் அதிகம், அவர்களும் மெஷின் பழுதான பிறகுதான் படிக்கிறார்கள். என் மனைவி எக்ஸ்ரே எடுக்கிறவள். எனக்கு ஒரு நாட்டுக் கடவுச்சீட்டு, அவளுக்கு வேறொரு நாட்டுக் கடவுச்சீட்டு. அவளுடைய முதல் கணவருக்கு மூன்றாவது நாடு. பேசுவது மட்டும் எல்லோரும் தமிழ்.

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் அவள் என் வீட்டில் விருந்தாளி. பார்வையாளர் விசா. சேர்ந்து வாழ்வதற்கு விண்ணப்பித்தோம், நிராகரித்துவிட்டார்கள். 'உறவு உண்மையானது என்று நம்பப் போதிய விவரம் இல்லை' என்று ஒரே வரி. இரண்டாம் தடவையும் இல்லை என்றால் இருபத்தெட்டு நாளில் அவள் கிளம்ப வேண்டும். மூன்று வருடத்துக்கு மறுபடி கேட்கக்கூட முடியாது.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில், படிவம் நிரப்பித் தரும் ஒரு அம்மா இருக்கிறார். எல்லோருக்கும் அவர் 'ஃபாரம் அக்கா'. நிராகரிப்புக் கடிதத்தைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"தம்பி, நீங்க கதையெல்லாம் எழுதுறவராமே?"

"ஏதோ கொஞ்சம், அக்கா."

"பொண்டாட்டிய எப்படிப் பாத்தீங்கன்னு எழுதியிருக்கீங்களே, இதுல உயிர் இருக்கா? கரண்ட் பில்லுகூட இதவிட உருக்கமா இருக்கும். அவங்களும் மனுசங்கதான், தம்பி. நாள் பூரா இதே காகிதத்தத்தான் படிக்கிறாங்க. நம்புற மாதிரி எழுதுங்க. அப்புறம், போன தடவை பதினேழக் காலியா விட்டுட்டீங்க. தங்கச்சிய விவரமா எழுதச் சொல்லுங்க. எதையும் மறைக்காதீங்க."

கடைசி இரண்டு சொற்களின்போது என் காதைக் கழற்றி வைத்திருந்தேன் போலிருக்கிறது.

3

முதலில் என்னைப் பற்றிய மூன்று (சரி, நான்கு) வரிகள்:

"இவருடைய அக்காவும் என்னுடன் வேலை பார்த்தவரும் தோழிகள். அவர்கள் மூலம் அறிமுகம். ஐந்து மாதம் ஃபோனில் பேசினோம். பிடித்திருந்தது."

அவ்வளவுதான். பிடித்திருந்தது. செருப்பு வாங்கினால்கூட இதைத்தான் சொல்வார்கள்.

இப்போது தனித்தாள். சுருக்கிச் சொல்கிறேன். வேலைக்கான உடல் பரிசோதனைக்கு ஒருவர் வருகிறார், நெஞ்சு எக்ஸ்ரே. இவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க" என்கிறாள். அந்த நேரம் பார்த்து மெஷின் மக்கர் பண்ணுகிறது. டெக்னீஷியனைக் கூப்பிட வெளியே ஓடுகிறாள். நான்கைந்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால், அந்த ஆள் அதே இடத்தில், கன்னம் உப்ப, முகம் சிவக்க நிற்கிறார். இவள் பதறிப்போய், "ஐயோ, விடுங்க சார், விடுங்க!" நடுவில் பத்து தடவையாவது மூச்சு விட்டிருப்பார், இவள் காலடிச் சத்தம் கேட்டதும் மறுபடி பிடித்திருப்பார். ஆனால் என்ன சொன்னாராம் தெரியுமா? "நீங்க விடச் சொல்லவே இல்லையே."

நான் அதை ஏழு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்துவிட்டேன், அதுதான் கொடுமை. நன்றாக இருந்தது. இருபது வருடமாக எழுதுகிறேன், அப்படி ஒரு முதல் சந்திப்பு என் பேனாவுக்கு வாய்த்ததில்லை. எக்ஸ்ரே எடுக்கிறவள், ஒரு வரி அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி வைத்திருக்கிறாள். எனக்கு இரண்டு பொறாமை. அந்த ஆள் மேல் ஒன்று, அவள் எழுத்தின் மேல் ஒன்று.

மீதி அரைப் பக்கம் அந்தத் திருமணம் எப்படி முடிந்தது என்பது. அதை மேலோட்டமாக மேய்ந்தேன். திரும்பத் திரும்ப எக்ஸ்ரே அறைக்கே போய்க்கொண்டிருந்தேன்.

4

எழுத்தாளனாக எனக்கு ஒரு சந்தேகம்: இந்த முன்னவரை என்ன செய்வது? (பெயர் தெரியும். எழுத மாட்டேன். என் கதையில் அவருக்கு எதற்கு ஓசிச் சாப்பாடு?)

ஒரு வரைவில் அவருக்கு வழுக்கை கொடுத்தேன். அடுத்த வரைவில் குறட்டை. மூன்றாவதில் மனைவியின் தட்டிலிருந்து கேட்காமல் எடுத்துத் தின்கிற பழக்கம். ஒன்றும் ஒட்டவில்லை. எப்படி எழுதினாலும் கடைசியில் கன்னத்தை உப்பிக்கொண்டு என் பக்கத்தின் நடுவில் வந்து நிற்கிறார், படிக்கிறவர்களுக்குப் பிடித்துப்போகிறது. நல்லவராக எழுதினால் எனக்கு வயிற்றெரிச்சல். கெட்டவராக எழுதினால், வயிற்றெரிச்சலில் எழுதியிருக்கிறான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: சக்களத்திக்கு ஆண்பால் தமிழில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். ஆண்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் வராது என்று நினைத்துவிட்டார்கள் போல. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.)

5

அப்புறம் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது, பதினேழாம் கட்டத்தின் ஒன்றரைப் பக்கத்தையும் வெட்டினேன். அந்த இடத்தில் இரண்டே வாக்கியம்: "பெரியவர்கள் ஏற்பாடு செய்த திருமணம். கருத்து வேறுபாட்டால் சட்டப்படி பிரிந்தோம்." எக்ஸ்ரே அறையை அப்படியே தூக்கி இருபத்தோராம் கட்டத்தில் வைத்தேன். கன்னம் உப்ப நின்றது நான்.

பொய்க்குச் சாட்சியும் கிடைத்தது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு சலவை இயந்திரக் கண்காட்சிக்காக அவள் ஊருக்கு மூன்று நாள் போயிருந்தேன். அப்போது அவளைத் தெரியவே தெரியாது. கடவுச்சீட்டில் முத்திரை இருந்தது. 'கண்காட்சியில் தூசி, இருமல், நெஞ்சு எக்ஸ்ரே' என்று எழுதினேன். கை கூசவில்லை. உண்மையைச் சொன்னால், எழுதி முடித்தபோது அந்தச் சந்திப்பு எனக்கே நடந்த மாதிரி ஒரு சந்தோஷம்.

ஃபாரம் அக்கா படித்துவிட்டு, "இத ஏன் தம்பி மொதல்லயே எழுதல?" என்றார்.

கையெழுத்து வேண்டிய பதினோரு இடத்தில் மஞ்சள் துண்டுச்சீட்டு ஒட்டிக் கொடுத்தேன். என் மனைவி கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றபடியே பதினோரு கையெழுத்தும் போட்டாள். "படிக்கலையா?" என்றேன். "நீங்க பாத்திருப்பீங்கல்ல," என்றாள்.

6

நேர்காணலுக்கு இருவரையும் ஒரே காலையில் அழைத்திருந்தார்கள். தனித்தனியாகத்தான் கேட்பார்கள் என்று வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவளிடம் எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்பார்கள். அவள் உண்மையைச் சொல்வாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

நீண்ட நடைவழி, வரிசையாக இரும்பு நாற்காலிகள். செய்ததை அவளிடம் மென்று முழுங்கிச் சொல்லி முடித்தேன். இந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டதாக ஒரு வரைவு இருக்கிறது. (பொய். கேட்கவில்லை. 'உனக்காகத்தான் செஞ்சேன்' என்றேன்.)

அவள் கத்தவில்லை. "மிச்சத்தையும் வெட்டிட்டீங்களா?" என்றாள்.

"எந்த மிச்சம்?"

"முடிஞ்சத. அரைப் பக்கம்."

"ஆமா... அதுக்கு இப்ப என்ன?"

"நாலு வருசம் என் பாஸ்போர்ட்டு அந்த வீட்டு அலமாரியில பூட்டிக் கிடந்துச்சு. ஒவ்வொரு சண்டைக்கும், விசாவுல கையெழுத்துப் போட மாட்டேன், உன் ஊருக்கு ஓடுன்னு சொல்லுவாரு. அத மொத தடவையா எழுதியிருந்தேன். ரெண்டு வாரம் ஆச்சு அத எழுத. நீங்க படிக்கவே இல்லையா?"

ஏழு தடவை படித்தவன்தான். முதல் பக்கத்தை.

எங்கள் காகிதங்கள் எல்லாம் என் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. அவள் கையை நீட்டினாள். "என் பாஸ்போர்ட்டக் குடுங்க." கொடுத்தேன். அதற்குள் அவள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

7

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். கதவுக்குப் பின்னால் அவள் சிரித்தாள்.

மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பில்லை. விட்டு விட்டு, அடக்க முடியாமல் வருகிற சிரிப்பு. அதிகாரியும் சேர்ந்து சிரித்தார். இரண்டு வருடத்தில் என் வீட்டில் நான் கேட்காத சிரிப்பு அது.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அந்த எக்ஸ்ரே கதையைச் சொல்லிச் சிரிக்கிறாள் என்றால் விசா கிடைக்கும், ஆனால் சிரிப்பு அவனுக்கு. எங்கள் சப்பென்ற நான்கு வரியைச் சொல்லிச் சிரிக்கிறாள் என்றால் சிரிப்பு எனக்கு, விசா போய்விடும். அவள் என்னோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதும், இன்னொருவனை நினைத்து அவள் சிரிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதும் ஒன்றாகிப்போனது. இப்படி ஒரு வேண்டுதலை எந்தக் கடவுளும் கேட்டிருக்க மாட்டார்.

அவள் இன்னொரு கதவு வழியாக வெளியே போனாள். என்னைக் கூப்பிட்டார்கள்.

"உக்காருங்க. ரெண்டு பேரும் மொதல்ல எப்படிப் பாத்துக்கிட்டீங்க?"

கதை எழுதுகிறவன் நான். ஒரு கதை சொல்லு என்கிறார்கள். நான் சொன்னது: "அவங்க என்ன சொன்னாங்களோ, அதேதான் சார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "கல்யாணமாகி எத்தன வருசம்?"

"ரெண்டு, சார்."

"ரெண்டு வருசத்துலயே நல்லாத் தேறிட்டீங்க," என்று சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கட்டிலில் அவள் எந்தப் பக்கம்? சுவர்ப் பக்கம். எழுந்ததும் முதலில் என்ன செய்வாள்? ஜன்னலைத் திறப்பாள், குளிர் காலத்திலும். எதற்குப் பயம்? பூட்டிய கதவுக்கு. (அதைச் சொன்ன பிறகுதான், ஏன் என்று எனக்கே புரிந்தது.) எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்திருந்தது, ஒன்றைத் தவிர.

ஆறு வாரத்தில் அனுமதி வந்தது. ஒரே வரி. எந்தக் கதையை நம்பினார்கள் என்று அதில் எழுதவில்லை.

8

முடிவுகள்.

அ. அவள் எக்ஸ்ரே கதையைத்தான் சொன்னாள், என்னைக் காப்பாற்ற. கன்னம் உப்ப நின்ற அந்த ஆளை மனதில் கொண்டுவந்து, அவன் முகத்தில் என் முகத்தை ஒட்டி... (எழுத முடியவில்லை. யார் முகம் மேலே இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.)

ஆ. உண்மையைச் சொன்னாள். 'என் வீட்டுக்காரர் இப்படிப் பொறாமைல கிறுக்குத்தனம் பண்ணிட்டார் சார்' என்று போட்டு உடைத்து, அதற்குத்தான் இருவரும் சிரித்தார்கள். (எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

இ. எங்களைப் பற்றியே பேசவில்லை. வெட்டப்பட்ட அந்த அரைப் பக்கத்தை... (அதைக் கேட்டு யார் சிரிப்பார்கள்?)

இந்த இடம் வரை எழுதி, அச்செடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தற்செயலாக வைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வந்து பார்த்தால், கையில் பென்சிலோடு அவள் கடைசித் தாளில் இருந்தாள்.

"எழுத்தாளரே," என்றாள். கோபமாக இருந்தால் அப்படிக் கூப்பிடுவாள், சந்தோஷமாக இருந்தாலும் அப்படித்தான். "ஒரு கேள்வியக் கேக்கறதுக்கா இவ்வளவு பக்கம் எழுதுனீங்க? நேரா கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா சொல்லுவியா?"

"சொல்லுவேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "ஆனா ஒண்ணுதான். உள்ள எதுக்குச் சிரிச்சேன்னு கேட்டீங்கன்னா அதச் சொல்றேன். அந்த அரைப் பக்கத்துல இன்னும் என்ன எழுதியிருந்தேன்னு கேட்டீங்கன்னா அதச் சொல்றேன். எத மொதல்ல கேக்குறீங்களோ அதோட சரி. இன்னொண்ண நீங்க கேக்கவும் கூடாது, நான் சொல்லவும் மாட்டேன்."

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருக்கிறேன். அவள் காத்திருக்கிறாள். முகத்தில் கேலி இல்லை.

எதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். உங்களுக்கும் தெரியும். இவ்வளவு படித்த பிறகு ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் என் நாக்கு நுனியில் வந்து நிற்பது மற்றது.

வாசகரே, நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் கேட்டுவிடுங்கள்.