ஒரே நேரத்தில் எல்லோருக்கும் கணக்கு

"வயசை வச்சு வகுப்பு பிரிக்கிறதை நிறுத்திடலாம் சார்," என்றாள் துணைத் தலைமையாசிரியை. "கணக்குல ஒருத்தன் எங்க நிக்கிறானோ, அங்க கணக்கு படிக்கட்டும். மொழியில எங்க நிக்கிறானோ, அங்க மொழி. ஒரு பாடத்துல தவறிட்டான்னு மொத்த வருஷத்தையும் திரும்பப் படிக்க வைக்கிறது எந்த ஊர் நியாயம்?"

படிப்பைப் பாதியில் விட்டுப் போகிறவர்கள் கூடிக்கொண்டே வந்ததால், புதுத் திட்டம் போடச் சொல்லிக் கூட்டம் கூட்டியவரே, பல பள்ளிகளை நடத்தும் தாளாளர்தான். ஆனால் இவள் இப்படி அடிமடியிலேயே கைவைப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"மீசை முளைச்சவனைச் சின்னப் பசங்களோட உக்கார வைப்பீங்களா? அவமானத்துல மறுநாளே நின்னுடுவான்மா. சரி, ஒரு பருவம் செஞ்சு பாருங்க. டைம்டேபிள் போட முடிஞ்சா!"

கடைசி வார்த்தையில்தான் கொக்கி. ஒருவனுக்குக் கணக்கு ஓர் அறையில், அறிவியல் இன்னோர் அறையில் என்று போட்டால் நேரம் முட்டிக்கொண்டது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று பல்லை இளித்தது. வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம் பரப்பிவிட்டதால், பேருந்து நிலைய மேற்பார்வையாளரான அவள் கணவர் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

ஒரு மாலை அவரை அழைத்துவரப் போனவள் நிலையத்து வாசலிலேயே நின்றுவிட்டாள். எல்லாத் திசைப் பேருந்துகளும் வரிசையாக நின்றன. ஒன்றிலிருந்து இறங்கியவர்கள் அடித்துப் பிடித்து இன்னொன்றில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, ஏன் எல்லா வண்டியும் ஒரே நேரத்துல நிக்குது?"

"நின்னாத்தானே மாறிப் போறவங்க மாற முடியும்?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதிக்காத குறை.

"ஏய், கையை விடு. கண்டக்டருங்க எல்லாம் பாக்குறாங்க!" என்று நெளிந்தார் அவர்.

மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் அவள் திட்டத்தைச் சொன்னாள்: பள்ளி முழுவதற்கும் ஒரே நேரத்தில் கணக்கு. அது முடிந்ததும் எல்லோருக்கும் மொழி. யாரும் எந்த அறைக்கும் மாறலாம். அத்தனை கணக்கு ஆசிரியர்களுக்கு எங்கே போவது என்று தலைமையாசிரியர் கையை விரித்தார்.

"நானும் கணக்குப் பட்டதாரிதான் சார்," என்றார் விளையாட்டு ஆசிரியர். "விசில் ஊதச் சொன்னீங்க, ஊதினேன். வேற என்ன தெரியும்னு யாராவது கேட்டீங்களா?"

சிரிப்பு அடங்குவதற்குள் இயற்பியல்காரரும் வணிகவியல்காரரும் கையைத் தூக்கிவிட்டார்கள்.

முதல் நாள். கணக்கில் திரும்பத் திரும்பத் தவறி, கூடப் படித்தவர்கள் எல்லோரும் கல்லூரிக்குப் போன பிறகும் பள்ளியிலேயே தங்கிவிட்டவனைத் 'தூண்' என்றுதான் கூப்பிடுவார்கள். நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். சின்னவர்களின் கணக்கு அறை வாசலில் அவன் தயங்கி நின்றான்.

"உள்ள போப்பா."

"சிரிப்பாங்க டீச்சர்."

சிரிக்கவும் செய்தார்கள். காது சிவக்க, கடைசி பெஞ்சில் உடலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். துணைத் தலைமையாசிரியை வாசலை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளாளர் சொன்னதுதான் நடக்கப்போகிறதோ?

அடுத்த மணி அடித்தது. மொழியில் கெட்டிக்காரனான தூண் மாடியிலிருந்த மேல் வகுப்புக்கு ஏறினான். எதிரே, கணக்கில் பள்ளிக்கே முதலாக வரும் பெண் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத வராது அவளுக்கு.

"அண்ணா, கீழ அந்த வாலுங்க என்னைப் பாத்துச் சிரிக்குமா?"

"சிரிக்கும். இப்பத்தான் என்னைப் பாத்துச் சிரிச்சு முடிச்சதுங்க," என்றான் அவன். "நீ எனக்குப் பின்னம் சொல்லிக் குடு. கட்டுரைக்கு நான் இருக்கேன்."

படிக்கட்டு நடுவிலேயே இருவரும் சிரித்துவிட்டார்கள். படிக்கட்டுக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்த துணைத் தலைமையாசிரியைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த வாரத்துக்குள் சிரிப்பு தானாக ஓய்ந்தது. எல்லோருமே ஏதோ ஒரு பாடத்தில் சின்னவர்கள்; யாரைப் பார்த்து யார் சிரிப்பது?

பருவம் முடிந்ததும் தாளாளர் வந்தார். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்ட நெட்டையனை நிறுத்தினார்.

"எந்த வகுப்புப்பா நீ?"

"எந்தப் பாடத்துல சார்?"

அவன் குறும்புக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். தாளாளர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அந்தப் பருவத்தில் ஒருவர்கூடப் படிப்பை விடவில்லை. தூண் கணக்கில் தேறி, அடுத்த நிலைக்கும் போய்விட்டான். அரங்கில் தாளாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இந்த அம்மா சொன்னப்ப நடக்காதுன்னு நினைச்சேன். தப்பா நினைச்சுட்டேன். அடுத்த வருஷம் நம்ம பள்ளிக்கூடம் அத்தனையிலயும் இதுதான்!"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஆரவாரம். பேசச் சொல்லி அவளை முன்னே தள்ளினார்கள். எவ்வளவோ யோசித்து வைத்திருந்தாள். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கியதும் அத்தனையும் மறந்துபோனது. அத்தனை பேர் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.