மூன்றாம் பக்கத்துக் கடிதங்கள்

பத்திரிகையை மூடுவதா, நடத்துவதா என்று முடிவு செய்ய அன்று காலை கூடியவர்கள் நான்கு பேர். அப்பாவின் நாற்காலியில் அண்ணன். இதழ்களைக் கட்டுக்கட்டாகக் கட்டும் பெஞ்சில் அண்ணி, மடியில் கைப்பையோடு. வாசலை ஒட்டி, காகித ரீம்களின் மேல் அச்சு மெஷின்காரர். புரூப் மேசையில், வழக்கமான இடத்தில், நான்.

வாரம் ஒரு இதழ், எட்டுப் பக்கம். தாத்தா தொடங்கி அறுபத்தோரு வருடம் ஆகிறது. அவர் வைத்துவிட்டுப் போன சட்டம் ஒன்றே ஒன்று: மூன்றாம் பக்கத்தில் வாசகர் கடிதம் ஐந்து இல்லாமல் இதழ் அச்சேறக் கூடாது. நான்குதான் வந்தது என்று அப்பா ஒருமுறை இதழையே ஒரு நாள் நிறுத்திவைத்தார். அப்பா போனபின் ஆசிரியர், நிருபர், விலாசம் எழுதுபவர் எல்லாம் நான்தான். கடிதங்கள் மூன்றாகக் குறைந்தன, பிறகு ஒன்றாக. குறைந்ததை நானே எழுதி நிரப்பினேன். ஆறு வருடமாக ஐந்துமே என்னுடையவை.

அண்ணனுக்கு வெளியூரில் வேலை. தபாலில் வரும் இதழை மூன்றாம் பக்கத்தில்தான் முதலில் பிரிப்பான்.

“மூடிடலாம்னுதான் வந்தேன்,” என்றான். “ஆனா போன வாரம் அந்த டெய்லர் எழுதினதைப் படிச்சதிலேர்ந்து மனசு மாறிப்போச்சு. தெருவிளக்கு எரியாம ஒரு வருஷம் ஆச்சாம், கம்பத்துக்குப் பொறந்தநாள் கொண்டாடணுமாம்!”

“அதுக்கு அந்த ரிட்டயர்டு வாத்தியார் குடுத்த சூடு?” அண்ணி சிரித்தாள். “நேர்ல பார்த்தா ரெண்டு பேரும் அடிச்சுப்பாங்க போல.”

“அடிச்சுக்க மாட்டாங்க,” என்றார் மெஷின்காரர், என் பக்கம் திரும்பாமல். “ரொம்ப ஒத்துமையான ஆளுங்க.”

அத்தனை கடிதங்களையும் என் கையெழுத்தைப் பார்த்துத்தான் அவர் டைப் செய்கிறார்.

“இவ்வளவு பேர் எழுதற பேப்பரை யாராவது மூடுவாங்களா?” என்றான் அண்ணன். “நான் வேலையை விட்டுடறேன். நாங்க ரெண்டு பேரும் இங்கேயே வந்துடறோம். என்ன பாப்பா, வாயே திறக்க மாட்டேங்கற?”

“எப்ப வேணா வாங்க,” என்றேன். ஐம்பத்திரண்டு வயதுப் பாப்பா வேறென்ன சொல்லும்?

அவர்கள் போனதும், அச்சகத்தை ஒட்டிய வீட்டில் மாடி அறையை அவர்களுக்காகக் கூட்டிக் கழுவினேன். தலையணை உறைகளைத் தோய்த்துப் போட்டேன். இந்த வீட்டில் ஒரு வேளை சமைத்தால் இரண்டு வேளைக்கு வரும். பேச்சுத் துணைக்கு டெய்லர் ஏதாவது எழுதுவார், வாத்தியார் பதில் கொடுப்பார். இனி மாடியில் நிஜமாகவே காலடிச் சத்தம் கேட்கும் என்று நான்கு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை அண்ணன் போன் செய்தான். “ராஜினாமா எழுதியாச்சு. திங்கட்கிழமை குடுத்துடுவேன். அந்த டெய்லர் கடை எங்க இருக்கு? வந்ததும் ஒரு சட்டை தைக்கக் குடுக்கணும்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பான், கூடவே நானும் சிரித்துவிடுவேன். அதோடு அது வேடிக்கையாகிப் போகும். போனை வைத்துவிட்டுத் தாளை எடுத்தேன்.

“அன்புள்ள அண்ணாவுக்கு. முதலாவது, டெய்லர் நான். இரண்டாவது, வாத்தியாரும் நான். மூன்றாவது, கடைசியாக வந்த உண்மையான கடிதம், காணாமல்போன நாய் பற்றியது. அதற்கும் ஆறு வருடமாகிறது. நான்காவது, நீங்கள் வர வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை. அதை நம்பி வேலையை விட வேண்டாம்.”

ஐந்தாவதாக எழுத ஒன்றுமில்லை. படித்துப் பார்த்தேன், ஒரு சொல்லும் அடிக்கவில்லை. மடித்து உறையிலிட்டு, ஓரங்களை விரலால் அழுத்தி ஒட்டினேன்.

தபால் ஆபீஸ் குமாஸ்தா உறையைத் தராசில் வைத்தார். “பேப்பர் விஷயமா?”

“இல்ல, வீட்டு விஷயம். சனிக்கிழமைக்குள்ள போயிடணும்.”

“போயிடும்,” என்று முத்திரை குத்திப் பையில் போட்டார்.