ஏழாம் நம்பர் மலைப் பாட்டு

திலக்ஷனின் இரண்டு பற்கள் உடைந்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. மைக்கால் அடி விழுந்திருந்தது, மைக் வேலை செய்துகொண்டிருந்தது. கந்தப்பளை டவுன் கல்யாண மண்டபத்தில் சோற்றுப் பந்திக்கு எழுந்து போனவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். அதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்திருப்பார்கள்.

அடித்தவன் என் புருஷன் வினோஜன். நான் மேடையின் ஓரத்தில் கீபோர்டுக்குப் பின்னால், மிக்ஸர் பக்கத்தில் இருந்தேன். சத்தம் பார்க்கத் தனி ஆள் வைக்க எங்களுக்கு வழியில்லாமல் போனதில் அந்த வேலையும் என் தலையில் விழுந்திருந்தது. எனக்கு அதிர்ச்சி எல்லாம் இல்லை. அந்தக் கை எப்படி வரும் என்று என் இடது காதுக்கு நன்றாகத் தெரியும். தலவாக்கலையில் ஒரு திருவிழாவில் கூட்டம் பாதியில் கலைந்துபோன கோபத்தை வீட்டுக்கு வந்து அந்தக் காதில்தான் காட்டினான். அதோடு சரி, அதில் பேச்சும் இல்லை பாட்டும் இல்லை. ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு சுருதி சேர்க்கிற பாடகி இந்த மலைநாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எங்கள் குழுவின் பெயர் 'ஏழாம் நம்பர்'. பூண்டுலோயா பக்கத்தில் எங்கள் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் திலக்ஷனின் அம்மா ராக்காயி குளவி கொட்டிச் செத்தாள். லயத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து கிடத்தியபோது எங்களால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொள்ளி வைக்கிற மகன் தப்பு மேளத்தைத் தொடக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்தார்கள். திலக்ஷன் கேட்கவில்லை. தப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெற்றவளுக்குத் தானே சாவுக் கொட்டு அடித்தான். சுடுகாடுவரை அழாமல் அடித்தான். அந்தக் கொட்டு மனதை விட்டுப் போகாமல்தான் எங்கள் முதல் பாட்டே பிறந்தது. வினோஜன் அதன்மேல் காதல் வரிகளைப் போட்டான். கிட்டார் அடித்த சாருஜன், யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவரின் மகன், அதற்குள் இன்னும் கொஞ்சம் தேனை ஊற்றினான். கொழும்பு ஸ்டூடியோக்காரர் கேட்டுவிட்டு, எல்லாம் சரி, வேகத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் ஆடலாம் என்றார். "ஏத்துங்கண்ணே" என்று முதலில் சொன்னவன் திலக்ஷன்தான். அவனுக்கும் ஆசை இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பாட்டு வானொலிகளில் முதலிடத்துக்கு வந்தது. வந்தது மட்டுமில்லை, உட்கார்ந்துகொண்டது. ஹட்டன் பஸ்ஸில் அதுதான், முடி வெட்டுகிற கடையில் அதுதான். கத்தாருக்குக் கூப்பிட்டார்கள், போய் ஆடவைத்துவிட்டு வந்தோம். வேகம் ஏறியதால் அது சாவுக் கொட்டு என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. ராக்காயியைத் தோளில் சுமந்துபோனவர்களே அதற்குக் குதித்தார்கள். எங்கள் குழுவில் ஒருவரும் அதை வெளியே சொல்லவில்லை. அதற்குப் பிறகு போட்ட பாட்டு எதுவும் எடுபடவில்லை. ஒவ்வொரு பாட்டு விழும்போதும் வினோஜனின் கை யாராவது ஒருவர்மேல் எழுந்தது. ஸ்டூடியோக்காரரின் சட்டையைப் பிடித்தான். சாருஜனின் கிட்டாரைப் படியில் அடித்து உடைத்தான். சாருஜன் கனடாவுக்குப் போய்விட்டான். மிச்சமிருந்த எங்களைக் கல்யாண வீடுகளுக்குக் கூப்பிட்டார்கள், அதுவும் அந்த ஒரு பாட்டுக்காக.

இன்றைக்கு ராக்காயி செத்த நாள். காலையில் வேனில் ஏறும்போதே திலக்ஷன் சொல்லிவிட்டான். "இன்னைக்கு ஒரு நாளைக்கு அந்தப் பாட்டு வேணாம்டா. மத்த எல்லாத்துக்கும் வாசிக்கிறேன்."

"எனக்கு மட்டும் அறிவு இல்லையா? பிரேமினி மேல சத்தியமா பாட மாட்டேன்" என்று வினோஜன் என் தலையில் கையை வைத்தான். என் தலைக்கு அவனிடம் என்ன மதிப்பு என்று நினைத்துச் சிரிப்புத்தான் வந்தது.

பின்னேரம் ஆகியும் மண்டபம் சூடாகவில்லை. பாடப் பாட ஆட்கள் எழுந்து பந்திக்குப் போனார்கள். பெண்ணின் தகப்பன் சிவசாமி மேடைக்குப் பக்கத்தில் வந்து, "அந்தப் பாட்டுக்குத்தானே தம்பி ஒங்கள கூப்பிட்டது? பாடுங்க, புள்ளைங்க கேக்குதுங்க" என்றார். வினோஜனின் முகத்தில் கத்தார் மேடையின் வெளிச்சம் வந்தது. திலக்ஷனைப் பார்க்காமலே முதல் வரியை எடுத்தான். திலக்ஷன் தான் தாளம் வாசிக்கிற பேடின் வயரைப் பிடுங்கினான். "சத்தியம் பண்ணுனியேடா!" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் மைக் வாயில் இறங்கியது.

திலக்ஷன் பற்களை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு உறையோடு தப்பை எடுத்துக்கொண்டு மேடையைவிட்டு இறங்கினான். வினோஜன் மைக்கைத் துடைத்துக்கொண்டே, "சின்னப் பிரச்சினைங்க, இப்ப சரியாயிரும்" என்று மண்டபத்தைப் பார்த்துச் சிரித்தான். நான் திலக்ஷன் பின்னாலேயே ஓடினேன். பின்கட்டில் சோற்று அண்டாவுக்கு அடியில் எரிந்த நெருப்பில் அவன் தப்பின் தோலைக் காட்டிக்கொண்டிருந்தான். சமையல்காரி ஒருத்தி, "என்னா தம்பி, வாயெல்லாம் ரத்தம்?" என்றாள். "தப்பு காயணும்க்கா" என்றான்.

"வேணாம் திலக்ஷா. கல்யாண வீடு" என்றேன்.

"எங்கம்மாவுக்கு நான் ஒழுங்கா அடிச்சது ஒரே ஒரு தடவதான், பிரேமினி."

அவனைத் தடுத்திருக்கலாம். கையைப் பிடித்திருந்தால் நின்றிருப்பான். நான் திரும்பிவந்து மிக்ஸர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அவன் மேடைக்குத் திரும்பி, ஸ்டாண்டில் இருந்த மைக்குக்கு முன்னால் நின்று, அன்றைக்கு அடித்த அதே நிதானத்தில் அடித்தான். முதலில் இளவட்டங்கள் விசிலடித்துக்கொண்டு எழுந்தார்கள். கால் வைத்துப் பார்த்தார்கள், சேரவில்லை. பின்வரிசையில் பட்டுச்சேலை கட்டியிருந்த ஒரு பெண், பழக்கம் அவளை முந்திக்கொள்ள, நெஞ்சில் அடித்துக்கொண்டு "ஐயோ" என்று ஒப்பாரி ராகம் எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் அவளுக்கே எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாவுக் கொட்டுடா! கல்யாண வீட்டுல சாவுக் கொட்டு அடிக்கிறான்!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினான்.

"சத்தத்தக் கொறைடி!" என்று வினோஜன் என்னைப் பார்த்துக் கத்தினான். எல்லாப் பாட்டையும் கூட்டிக் குறைக்கிற திருகு என் விரலுக்கு அடியில் இருந்தது. நான் கூட்டினேன். அது முடியும் இடம்வரை கூட்டினேன். பதிலுக்கு அவனுக்கு நான் கொடுத்தது அது ஒன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மணவறையில் மாலையோடு எழுந்து நின்ற அந்தப் பிள்ளை சர்மிளா, "அப்பா, நிப்பாட்டச் சொல்லுங்கப்பா" என்று அழுததைப் பார்க்கும்வரைதான் அந்தச் சந்தோஷம். அவள் என்ன பாவம் செய்தாள்?

நாற்காலிகள் பறந்து வந்தன. கீபோர்டு இரண்டாக உடைந்தது. சிவசாமியும் அவருடைய ஆட்களும் மேடையில் ஏறினார்கள். அவர்களுக்கு யார் அடித்தது, யார் பாடியது என்று பார்க்க நேரமில்லை. வினோஜனைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துப்போட்டு மிதித்தார்கள். திலக்ஷன் விழுந்தும் விடவில்லை, படுத்தபடியே அடித்தான். யாரோ ஒருவன் சப்பாத்துப் போட்ட காலால் அவனுடைய வலது கையை மிதித்தான். விரல்கள் முறிந்த சத்தமும் மண்டபம் முழுக்கக் கேட்டது. அதற்கு ஒருவரும் கைதட்டவில்லை.

எங்கள் வேன் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். டிரைவர் ஓடிவிட்டார். ரோட்டில் நின்ற ஒரு திரீவீலரின் முன்னால் விழுந்து, நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். திரீவீலர்காரர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு "நகின்ட, நகின்ட" என்று அவசரமாக ஏறச்சொன்னார். வேறு வண்டி கிடைக்காததால் இரண்டு பேரையும் அதிலேயே ஏற்றினேன். நான் நடுவில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் திலக்ஷன், முறிந்த கையை என் சேலைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்திருந்தான். மறுபக்கம் வினோஜன். ஒரு கண் மூடிப்போயிருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

எங்கள் மனதைத் தேற்ற நினைத்தாரோ என்னவோ, டிரைவர் பாட்டுப் போட்டார். எங்கள் பாட்டு. எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நல்ல பாட்டு, இப்போது இப்படியெல்லாம் வருவதில்லை என்று சிங்களத்தில் சொல்லி, சத்தத்தைக் கூட்டிவிட்டு ஹேண்டிலில் விரலால் தட்டிக்கொண்டு ஓட்டினார். வினோஜனின் குரல் அன்றைக்கு எவ்வளவு இளசாக இருந்தது! அதற்கு அடியில் நானும் இருந்தேன், இரண்டு காதோடு.

திலக்ஷனின் கால் தகரத் தரையில் மெல்ல விழ ஆரம்பித்தது. பாட்டின் வேகத்துக்கு இல்லை. பாதி வேகத்துக்கு. ராக்காயிக்கு அடித்த கொட்டின் வேகம் அது. பக்கத்தில் வினோஜனின் கை முறுக்கிக்கொண்டு மேலே எழுந்தது. என் கேட்காத காதின் பக்கம். நான் கண்களை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அடி என்மேல் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் முன்னாலிருந்த இரும்புக் கம்பியில் முஷ்டியால் குத்திக்கொண்டிருந்தான். முட்டித் தோல் பெயர்ந்து ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை. திலக்ஷனின் கால் விழுகிற ஒவ்வொரு முறையும் வினோஜனின் கையும் விழுந்தது.