பின்னாடி வர்றேன்

பேருந்து நிலையத்துக்கு எதிரே, பழைய சிமெண்டுக் கிடங்கை இடித்த இடத்தில், நாலு பக்கமும் கண்ணாடி வைத்து ஒரு துரித உணவுக் கடை வந்தது. அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. ஊர் அந்தப் பெயரை ஒரு வாரம் வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டுத் துப்பிவிட்டது. கண்ணாடிக்கடை என்றால் கைக்குழந்தைக்கும் புரிந்தது.

அதே தெருவில் நாலு கடை தள்ளி இருபத்திரண்டு வருடமாக மதியச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார் ஒருவர். மூன்றாவது வாரம் பாதி பெஞ்சு காலியானதும் அவர் மனைவியைக் கூப்பிட்டார்.

“நீ ஒரு நடை போய் அங்க என்னதான் நடக்குதுன்னு பார்த்துட்டு வா.”

“நானா? நீங்களே போகலாமே.”

“நான் போனா நாளைக்கு ஊரே சிரிக்கும். உன்னை யாருக்கும் தெரியாது.”

கல்லாவில் உட்கார்ந்திருந்த நாத்தனாருக்கு இது போதாதா? “ஆமா அண்ணி, உங்களைத் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. அண்ணன் ஒண்ணு, அடுப்பு ஒண்ணு. அதுல அடுப்புக்குத்தான் கொஞ்சம் நல்லாத் தெரியும்” என்றாள்.

அவளும் சேர்ந்து சிரித்தாள். பொய்யொன்றும் இல்லையே. சமையலறைக் கதவு பின்சந்தில் திறந்தது. வருவதும் போவதும் அந்த வழிதான். சாப்பாடு போனது இரண்டு கை நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல் வழியாக. தன் சமையலை யாராவது வாயில் வைக்கிறபோது முகம் எப்படிப் போகிறது என்று இத்தனை வருடத்தில் அவள் பார்த்ததில்லை. தட்டு காலியாகத் திரும்பினால் நன்றாக இருந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். சத்தமும் கூடாது. “சாப்பிடுறவங்களுக்கு அடுப்படி கேட்கவே கூடாது” என்பது அவர் முதல் நாளே வைத்த சட்டம்.

முதல்முறை போனபோது கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நின்றாள். கவுண்டரில் இருந்த பெண், “வாங்க. இங்கேயா, பார்சலா?” என்று கேட்டாள். அவளுக்கு வியர்த்துவிட்டது. “பார்சல், பார்சல்” என்று இரண்டு தடவை சொல்லி, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திருடியதுபோல் ஓடிவந்தாள்.

அவர் அதைக் காய் நறுக்கும் பலகையில் வைத்துப் பிரேதப் பரிசோதனை செய்தார். மேல் ரொட்டியைப் புரட்டினார். இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நடுவில் இருந்ததை மோந்தார்.

“பிரிச்சுப் பார்த்தா ஒண்ணுமே இல்லையே. ரெண்டு பன்னு, நடுவுல ஒரு வட்டம். இதுக்கா இவ்வளவு கூட்டம்?”

“கூட்டம் இதுக்கு வரலையோ என்னமோ” என்றாள் அவள்.

“அப்புறம் எதுக்கு வருது? அதைப் பார்த்துட்டு வான்னுதானே அனுப்பினேன்!”

அதனால் இரண்டாம் முறை, “இங்கேயே” என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லிவிட்டுத் தட்டை ஏந்தி நின்றாள். எந்த நாற்காலியிலும் உட்காரலாம் என்பது அவளுக்கு உடனே உறைக்கவில்லை.

உட்கார்ந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரு காபியை வைத்துக்கொண்டு முப்பது நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். வேலை முடிந்த நர்ஸ் ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு உருளைக்கிழங்கு வறுவலாகத் தின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் எழுப்பவில்லை, முறைக்கவில்லை. தெரு பெருக்குகிற அம்மாவுக்குப் பின்னால் வங்கி மேனேஜர் வரிசையில் நின்றார். பேருந்தில் ஏற முட்டி மோதுகிற ஊர் இது. இங்கே தரையில் ஒட்டிய மஞ்சள் கோட்டுக்கு அடங்கி நின்றது. முதல் வாரத்தில் எல்லோரும் தட்டை மேஜையிலேயே விட்டுப் போனார்களாம். ஒருநாள் மீசை வைத்த லாரி டிரைவர் ஒருவர் தன் தட்டைத் தானே எடுத்துப்போய்த் தொட்டியில் கவிழ்த்தார். மறுநாளிலிருந்து எடுக்காமல் போகிறவருக்கு வெட்கமாகிவிட்டது. கழிப்பறையில் தாழ்ப்பாள் இருந்தது, தண்ணீர் வந்தது, வெளிச்சம் இருந்தது. பேருந்துக்குக் காத்திருக்கிற பெண்கள் அதற்கு முன்பெல்லாம் என்ன செய்தார்கள் என்பதை அவள் ஒரு பெண்ணாக அறிவாள்.

ருசியைப் பற்றிக் கேட்டால், அவள் சமையல்காரி, பொய் சொல்ல மாட்டாள். இனிப்பு ஒரு பிடி தூக்கல். பன்னு பஞ்சு. ஆனால் உப்பு போன பொட்டலத்தில் இருந்த அதே இடத்தில் இன்றும் இருந்தது. இத்தனை பேர் கை மாறியும் அது நகரவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த அறையில் அவளுக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.

அவளை உண்மையில் கட்டிப்போட்டது கவுண்டருக்குப் பின்னால் தெரிந்த சமையலறை. அதற்குக் கதவே இல்லை. ஆறு பேர், கொதிக்கிற எண்ணெய், நடக்க ஒரு ஆள் அகலம். அவள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள், இப்போது ஒருவர் மேல் ஒருவர் கொட்டிக்கொள்வார்கள் என்று. கொட்டவில்லை. ஒவ்வொருவரும் இன்னொருவர் முதுகைக் கடக்கும்போது சத்தமாக ஒரு வார்த்தை சொன்னார்: “பின்னாடி வர்றேன்!” முன்னால் நிற்பவர் திரும்பவில்லை, அசையவில்லை. “சரி” என்றார். எண்ணெயிலிருந்து தூக்கிய சூடான கம்பிக்கூடை அவர் முதுகை ஒட்டிப் போனது.

அவள் தன் இடது கையைப் பார்த்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஐந்து தழும்புகள். ஒவ்வொன்றும் அவர் பின்னால் பானையோடு வந்ததும் இவள் திரும்பியதும் சேர்ந்து போட்ட முத்திரை. ஒவ்வொரு தடவையும் அவர் பதறிப்போய் மருந்து தடவுவார், தடவிக்கொண்டே, “ஏன் திரும்பினே?” என்று கேட்பார். தான் திரும்பியதுதான் தப்பு என்று அவளும் நம்பியிருந்தாள். ஒரு வார்த்தையில் தீர்கிற விஷயம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அன்றுமுதல் வேவு பார்க்கிற சாக்கில் வாரம் இரண்டு முறை போனாள். தட்டில் விரித்திருந்த காகிதத்தில் ஒருநாள் அச்சடித்திருந்தது: ‘மாலை நேரத்துக்கு ஆட்கள் தேவை. வயது தடையில்லை. அனுபவம் தேவையில்லை.’ கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். எண்ணெய்க்கறை படாமல் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

வீட்டில் சொன்னபோது அவர் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தார்.

“எதிரி கடையிலயா? வேவு பார்க்க அனுப்பினா அங்கேயே சேர்ந்துக்கறேங்கறியே!”

“நம்ம கடை மூணு மணிக்கு மூடிடுதுங்க. அது நாலு மணியிலேர்ந்து எட்டு வரைக்கும்.”

“இங்க என்ன குறைச்சல் உனக்கு?”

குறைச்சல் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அங்கே போனால் தன்னைச் சுற்றி வெளிச்சம் இருக்கும் என்பதை எந்த வார்த்தையில் சொல்வது? “போய்ப் பார்க்கறேனே” என்று மட்டும் சொன்னாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஷிஃப்ட் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு இருபத்துநாலு வயது இருக்கும். படிவத்தை நிரப்பிக்கொண்டே, “முன்அனுபவம்?” என்றாள்.

“இல்லை.”

பெண்ணின் கண் அவள் கையில் இறங்கியது. “அக்கா, அப்ப இது என்ன? பச்சை குத்தினதா?”

அவள் சிரித்துவிட்டாள். பெண் படிவத்தில், ‘இருக்கிறது’ என்று எழுதிக்கொண்டாள்.

முதல்நாள் சோதனை வேலை. வறுவலைக் கூடையோடு எண்ணெயில் இறக்கினாள். இயந்திரத்தின் மணி அடிக்கும் முன்பே நிறம் பார்த்து எடுக்கத் தயாராக நின்றாள். ஒரு சொட்டு எண்ணெய் தரையில் விழவில்லை. எல்லோரும் அசந்துபோனார்கள். ஆனால் அடுத்தவர் முதுகைக் கடக்க வேண்டியபோது வாய் திறந்தது, காற்று மட்டும் வந்தது. இரண்டாம் தடவை முணுமுணுப்பு வந்தது. மூன்றாம் தடவை, ரொட்டி வாட்டுகிற பெண் சட்டென்று திரும்பினாள். கூடை ஒரு விரற்கடையில் அவள் முகத்தைத் தாண்டியது.

ஷிஃப்ட் பெண் தனியாகக் கூப்பிட்டாள். “அக்கா, கை தங்கம். சத்தம்தான் வரலை. சத்தம் வரலைன்னா இங்க யாராவது வெந்துடுவாங்க. நாளைக்கு ஒருநாள் பார்க்கிறேன். நாளைக்கும் இப்படியே இருந்தா என்னால சேர்க்க முடியாது. மனசு சங்கடப்படாதீங்க.”

வீட்டுக்கு நடந்து வரும்போது, ஆளில்லாத இடத்தில் நின்று, “பின்னாடி வர்றேன்” என்று சொல்லிப் பார்த்தாள். தெருநாய் ஒன்று மரியாதையாக ஒதுங்கியது. மனுஷர் முன்னால் வர வேண்டுமே! இருபத்திரண்டு வருடம் குரலை மூடிபோட்டு வைத்தவளுக்கு, மூடியை எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோயிருந்தது.

மறுநாள் மதியம். அன்றைக்கென்று சந்தைக்கு வந்தவர்களால் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. சமையலறை, ரயில்பெட்டியின் நடைபாதைபோல நீளம். ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் கழுவுகிற தொட்டி. அவர் ஜன்னலில் தட்டு நீட்டிக்கொண்டு நின்றார். அவள் சோறு வடித்த சூடான கஞ்சிப் பானையைத் துணியால் பிடித்துத் தொட்டிக்குக் கொண்டுபோனாள். அவர் முதுகுக்கு ஒரு முழம் இருக்கும்போது அவர் தோள் லேசாகத் திரும்ப ஆரம்பித்தது. அந்தத் திரும்பல் எங்கே போய் முடியும் என்று அவள் கைத்தழும்புகள் ஐந்துக்கும் தெரியும்.

“பின்னாடி வர்றேன்!”

அவள் குரலா அது? ஜன்னலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, தெருவரைக்கும் போனது. அவர் கல்லாய் நின்றார். பானை அவர் முதுகை உரசாமல் போய்த் தொட்டியில் கவிழ்ந்தது. ஆவி அடங்கியது. கூடத்தில் ஒருவர்கூட மெல்லவில்லை.

பிறகு ஜன்னலில் பேருந்து கண்டக்டரின் முகம் முளைத்தது. “அட! உள்ள ஆள் இருக்காங்களா? இத்தனை நாளா இந்த அண்ணன் கைதான் சமைக்குதுன்னு நினைச்சிட்டிருந்தேன். நல்லா இருக்கும்மா சாப்பாடு. பத்து வருஷமாச் சொல்லணும்னு.”

“அண்ணி, காதே போச்சு!” என்று நாத்தனார் கல்லாவிலிருந்து கத்தினாள். “இந்தக் குரலையா இவ்வளவு நாள் ஜாடியில போட்டு வெச்சிருந்தீங்க?”

அவர் தொட்டியைப் பார்த்தார். தன் முதுகிலிருந்து அதற்கு எத்தனை தூரம் என்று கண்ணால் அளந்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாக.

“இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“பின்னாடிதானே இருந்தேன்” என்றாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த தட்டை நீட்டினார். அன்று மூன்றரை மணிக்கு அவள் பின்சந்துக்குப் போகாமல் கூடத்தின் வழியாக, முன்வாசலில் இறங்கிப் போனாள்.

கண்ணாடிக்கடையில் மாலைக்கூட்டம் நெரித்தது. “பின்னாடி வர்றேன்!” என்று அவள் சொன்ன முதல் சத்தத்துக்கே ரொட்டிக்காரப் பெண், “சரிக்கா!” என்றாள். ஷிஃப்ட் பெண் திரும்பிப் பார்க்காமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவளுக்குக் காது மடல் சூடானது. அடுப்பில்லாமல் வந்த சூடு.

ஆறு மணி இருக்கும். கூடையைத் தூக்கித் தட்டிக்கொண்டே நிமிர்ந்தவள், மஞ்சள் கோட்டில் லாரி டிரைவருக்குப் பின்னால் அவரைப் பார்த்தாள். சலவைச் சட்டை. பரீட்சைக்கு வந்தவர்போல் பலகையில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார். கண் அவளைத் தேடவில்லை, தேடாததுபோல் இருந்தது. அவர் முறை வந்தது. கவுண்டர் பெண் வாய் அசைந்தது. என்ன கேட்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். அவர் தொண்டையைச் செருமினார். ஏதோ சொன்னார். எண்ணெய்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

பெண் பொட்டலம் கட்டுகிற பையை எடுக்கவில்லை. தட்டை எடுத்து அதில் காகிதத்தை விரித்தாள்.

“பின்னாடி வர்றேன்!” என்று தேவைக்கு மேலேயே சத்தமாகச் சொல்லிக்கொண்டு, புது வறுவலோடு அவள் நடந்தாள்.