நான்கு முறை கைதான பூட்டுக்காரர்

பூட்டுக்காரர் கைதான அன்று மதியத்துக்குள் லாக்கப்பில் நான்கு பூட்டுக்காரர்கள் இருந்தார்கள். நால்வரும் ஒருவரேதான். நால்வருக்கும் இடது கட்டைவிரலில் அரம் கிழித்த அதே தழும்பு, நால்வர் சட்டையிலும் மூன்றாவது பொத்தான் இல்லை, நால்வரும் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். அன்று வெயில் சுமாராக இருந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் தொலைக்காட்சிக்காரர்கள் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் திருடனைத் துரத்துவார்கள், தங்களுக்குள் சண்டை போடுவார்கள், மக்கள் சிரிப்பார்கள். அத்தனையும் உண்மை, எதுவும் நடிப்பில்லை என்று விளம்பரம் சொன்னது. எதுவும் நடிப்பில்லை என்பதை மட்டும் எட்டு தடவை ஒத்திகை பார்த்தார்கள். அந்த இருவராக ஸ்டேஷன் ரைட்டரும் ஜீப் டிரைவரும் தேர்வானார்கள். ரைட்டரின் தங்கையைத்தான் டிரைவர் கட்டியிருந்தார். கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த கட்டில் ஒரு பக்கம் ஆடுகிறது என்று பதினான்கு வருடமாக இருவரும் சண்டை போட்டு வந்ததால் தனியாக வசனம் எழுத வேண்டியிருக்கவில்லை.

திருடனாக இருக்கப் பூட்டுக்காரரைத் தேர்ந்தெடுத்தவர் டைரக்டர். கடைவாசலில் உட்கார்ந்து சாவிக்குப் பல் வெட்டிக்கொண்டிருந்தவரைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்து, முகத்தில் ஏதோ இருக்கிறது என்றார். முகத்தில் இருந்தது இரும்புத் தூள். களவு போனதாகச் சொல்லப்பட்ட நகை ஒப்பனைக்காரியின் பெட்டியில், பவுடர் டப்பாவுக்குக் கீழே பத்திரமாக இருந்தது. ரைட்டரும் டிரைவரும் அதைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் அவர்கள் பார்ப்பதைப் பார்த்தார். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

கைதுக் காட்சியில் முதல் தடவை இன்ஸ்பெக்டரின் பெல்ட் தொப்பைக்குள் மறைந்துவிட்டது. டைரக்டர் “ஒன் மோர்” என்றார். பூட்டுக்காரரை மறுபடி கடையில் உட்காரவைத்து மறுபடி பிடித்தார்கள். அந்தத் தடவை அவர் போதுமான அளவு பயப்படவில்லை. மூன்றாவது தடவை டிரைவர் தும்மினார். நான்காவது சரியாக வந்தது. ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் தினசரிப் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லாத மனிதர் ரைட்டர். வாசலைத் தாண்டி வருவது எதுவானாலும் அந்தந்த நேரத்தில் எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. பத்து பத்துக்குக் கைது, பத்து முப்பத்தைந்துக்குக் கைது, பதினொன்று ஐந்துக்குக் கைது, பதினொன்று ஐம்பதுக்குக் கைது என்று நான்கையும் அழகான கையெழுத்தில் எழுதிவைத்தார். இரண்டாவது தடவை லாக்கப்பைத் திறந்த டிரைவர்தான் முதலில் கவனித்தார்.

“மச்சான், இந்தாளை இப்பதானே ஜீப்புலேர்ந்து இறக்குறேன்? அப்ப உள்ள உக்காந்திருக்கிறது யாரு?”

“பதிவேட்டுல எத்தனை போட்டிருக்கு, பாரு.”

“ரெண்டு.”

“அப்ப ரெண்டுதான். கதவைச் சாத்து.”

டைரக்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நான்கு பேரில் உண்மைத் திருடன் யார் என்று மக்களே சொல்லட்டும் என்று அறிவித்தார். நாடு ஏழு வாரம் வாக்களித்தது. படித்தவர்கள் இரண்டாமவரின் கண்ணில் கள்ளத்தனம் தெரிகிறது என்றார்கள். நான்காமவருக்கு ரசிகர் மன்றம் வந்தது. திருட்டு நடந்ததா என்று கேட்க ஒரு விரலும் எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை. பூட்டுக்காரரின் மனைவி சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைப்பவள். தினமும் வேலை முடிந்து வந்து, அவரை விட்டுவிடுங்கள் என்று கேட்டாள். அதையும் படம்பிடித்து, பின்னால் புல்லாங்குழலை ஓடவிட்டார்கள்.

எட்டாவது வாரம் பார்ப்பவர்கள் குறைந்ததும் மக்கள் மன்னித்துவிட்டதாகத் தீர்ப்பு வந்தது. செய்யாததற்கு மன்னிப்பு கொடுக்க நாட்டுக்கே பெரிய மனசு வேண்டும், இருந்தது. விடுதலைக் காட்சியில் முதல் தடவை மனைவி அழவில்லை. இரண்டாவது தடவை அழுதாள், ஆனால் முகத்தில் தெரிந்தது ஆத்திரம். மூன்றாவது சரியாக வந்தது. ரைட்டர் மூன்று விடுதலை எழுதினார், மூன்று பேர் வெளியே போனார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு ஏதோ ஓர் ஆஸ்பத்திரியைத் தேடிப் போய்விட்டார்கள். நான்காமவர் லாக்கப்பில் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

மறுநாள் காலை அவள் வந்தாள்.

“மூணு பேரைத்தான் அனுப்பியாச்சே, இன்னும் என்னம்மா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“உள்ள நிக்கிறதும் அவர்தானே சார். முக்கால்வாசி புருஷனை வச்சு நான் என்ன பண்றது?”

கேமரா இல்லாத விடுதலைக்குத் தான் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கையெழுத்து இல்லாமல் ஒரு வரிகூட எழுத ரைட்டரின் கை மறுத்தது. அவள் வேலைக்குப் போகாமல் பதினோரு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தாள். வீட்டில் இருந்த மூவரும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார்கள், நடுராத்திரியில் சுவரைக் கம்பி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று யாரிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னாள். பன்னிரண்டாம் நாள் ரைட்டர் பேனாவை மூடிவைத்தார்.

“மாப்ளே, அந்த நகையை நாம ரெண்டு பேரும் பாத்தோம்.”

“பாத்தோம். உன் கட்டிலைவிட அது பெரிய பொய்யி, மச்சான்.”

டிரைவர் ஜீப்பின் முன்விளக்கில் ஒன்றைக் கழற்றி, பிஸ்கட் அட்டைப்பெட்டியில் பொருத்தி, தோளில் தூக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் அறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே பதிவேட்டோடு வந்த ரைட்டர், “சார், விடுதலை சீன்ல உங்க முகம் சரியா விழலியாம். ஒன் மோர்” என்றார். அந்தச் சொல்லுக்காகவே இன்ஸ்பெக்டர் பன்னிரண்டு நாளாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ட்டை ஏற்றினார், மீசையைச் சீவினார், “இந்தப் பக்கம் வா, இதான் என் நல்ல பக்கம்” என்றார். தப்பு செய்தவன் ஒருநாளும் தப்ப முடியாது என்று பிஸ்கட் பெட்டியைப் பார்த்துக் குரல் தழுதழுக்கப் பேசிக்கொண்டே, பதிவேட்டில் கையெழுத்திட்டு, தன் கையாலேயே லாக்கப்பைத் திறந்துவிட்டார். நேரம் நான்கு இருபது. ரைட்டர் எழுதினார். பூட்டுக்காரர் வெளியே வந்தார். அவள் அந்த இடத்திலேயே ஊசியை எடுத்து அவர் சட்டையின் மூன்றாவது பொத்தானைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்தாள். இந்தத் தடவை அவள் அழுததை யாரும் படம்பிடிக்கவில்லை.

ரைட்டருக்கும் டிரைவருக்கும் அடுத்த வாரமே வேறு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கட்டில் சண்டை இப்போது போனில் நடக்கிறது. நால்வரும் ஒரே கடைவாசலில் உட்கார்ந்திருப்பது தெருவுக்குப் பழகிவிட்டது, அவசரச் சாவி என்றால் வலது ஓரத்தில் இருப்பவரிடம் கொடுக்கிறார்கள், இரும்புப் பெட்டி என்றால் மூன்றாமவரிடம். நால்வரும் பேசாமல் வேலை பார்ப்பார்கள். இன்ஸ்பெக்டரின் வண்டி அந்தப் பக்கம் வந்தால் மட்டும் நான்கு அரமும் ஒரே நேரத்தில் நிற்கும், நான்கு தலையும் ஒரே நேரத்தில் நிமிரும். அவர் இப்போதெல்லாம் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார்.